பென்ஷனும் பிள்ளைப் பேறும்

(நமது சங்கத்தின் பெங்களூர் ஸ்ரீராம்புரம் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை. வெளியூர் அங்கத்தினர்களின் பார்வைக்காக இங்கே எழுத்து வடிவில் தரப்படுகிறது.)

 

கிளைச் செயலாளர் என்னிடம் "பென்ஷன் பற்றிப் பேசுங்கள்" என்று கேட்டுக் கொண்டார். மாதர் பிரிவினரோ, "நம் வீடுகளில் குழந்தைகள் ஏன் குறைந்து விட்டன என்று பேசுங்கள்" என்றார்கள். இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிற விஷயங்கள்தான் என்று சொல்லி, இரண்டையும் சேர்த்தே எடுத்துக் கொண்டேன். ஓர் அலுவலகத்தின் பென்ஷன் பிரிவில் பல வருஷங்கள் வேலை பார்த்தவன். இன்று மாதாமாதம் பென்ஷன் வாங்குகிறவன். அந்த வகையில் இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று நினைக்கிறேன்.

இந்தப் பேச்சு இப்போது நாடெங்கும் அடிபடுகிறது. 2024 அக்டோபரில் ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு, மக்கள் இன்னும் அதிகக் குழந்தைகள் பெற்றுக் கொள்ள வேண்டும் என்றார். அதே மாதம் தமிழ்நாட்டு முதலமைச்சராக இருந்த ஸ்டாலின், ஒரு திருமண விழாவில் பதினாறு செல்வங்களைப் பற்றிய பழைய வாழ்த்தை நினைவுபடுத்திப் பேசினார். அவர்கள் கவலைக்குக் காரணம் இருக்கிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின் முதல் சுற்று நடந்த 1992-93இல் கர்நாடகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.9 குழந்தைகள், தமிழ்நாட்டில் 2.5. ஐந்தாவது சுற்று நடந்த 2019-21இல் கர்நாடகத்தில் 1.7, தமிழ்நாட்டில் 1.8. ஜனத்தொகை குறையாமல் நிற்க 2.1 வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அந்தக் கோட்டுக்குக் கீழே நாம் எப்போதோ இறங்கி விட்டோம்.

நம் வீட்டுக் கல்யாணங்களில் என்ன நடக்கிறது? பந்தியில் உட்கார்ந்ததுமே, பக்கத்து இலையில் இருக்கும் பெண்ணிடம் "ஒண்ணோட நிறுத்திட்டியா? அடுத்தது எப்போ?" என்று ஆரம்பித்து விடுகிறோம். அந்தப் பெண்ணைக் கேட்பதற்கு முன்னால், நம் கையிலிருக்கும் பென்ஷன் புத்தகத்தை ஒரு தடவை புரட்டிப் பார்க்கலாம் என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

பிள்ளையே பென்ஷனாக இருந்த காலம்

நம் பாட்டிமார்கள் ஆறு, எட்டு என்று பெற்றதை அறியாமை என்று சிலர் சொல்கிறார்கள். பக்தி என்று வேறு சிலர் சொல்கிறார்கள். அதில் ஒரு கணக்கும் இருந்தது. பிள்ளை இந்த லோகத்துக்குச் சோறு போடுவான். அந்த லோகத்துக்குப் பிண்டம் போடுவான். இரண்டாவது காரியத்துக்கு எந்த சர்க்காரும் இதுவரை பென்ஷன் தரவில்லை. அதை விட்டு விடுவோம். முதல் காரியத்தை மட்டும் கணக்கில் எடுத்துக் கொள்வோம்.

அந்தக் காலத்தில் பிறந்த குழந்தைகளில் பல, பெற்றோர் இருக்கும் போதே போய் விட்டன. ஓர் உத்தேசத்துக்கு, பெற்றோருக்கு அறுபது வயதாகும் போது ஒரு பிள்ளை உயிரோடு இருக்க எட்டணா வாய்ப்பு என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரே பிள்ளை என்றால் முதுமைக்கு எட்டணா நிச்சயம்தான் கையில் இருக்கிறது. இரண்டு பிள்ளைகள் என்றால் இருவரில் ஒருவராவது மிஞ்சப் பன்னிரண்டணா. மூன்று என்றால் பதினாலணா. மூன்று பிள்ளைகள் பிறக்க வேண்டுமானால் ஆணும் பெண்ணுமாகச் சராசரியில் ஆறு பிரசவம் ஆக வேண்டும். 1950களின் தொடக்கத்தில் இந்தியாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஏறக்குறைய ஆறு குழந்தைகள்தான் பிறந்தன. பாட்டி வாய்ப்பாடு படிக்கவில்லை. ஆனால் கணக்குச் சரியாகத்தான் போட்டிருக்கிறாள்.

இதில் இன்னொன்றும் உண்டு. நம்மவர்களில் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு அன்றே பென்ஷன் இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது, ஆனால் அது ஐயாவுக்கு. மனைவி பெரும்பாலும் எட்டுப் பத்து வயது சிறியவள். அவர் போன பிறகு அவள் பத்துப் பதினைந்து வருஷம் இருப்பாள். மத்திய அரசு ஊழியரின் விதவைக்கு ஆயுள் முழுவதும் குடும்பப் பென்ஷன் என்ற ஏற்பாடு 1964 ஜனவரி 1 முதல்தான் வந்தது. அதற்கு முன் ஓய்வு பெற்றவர்களின் மனைவிகள் அதில் சேரவில்லை. பூனமாள் என்ற அம்மையாரும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985இல் தீர்ப்புச் சொன்ன பிறகுதான், விடுபட்டுப் போன பழைய விதவைகளுக்கும் வழி பிறந்தது. ஆக, பென்ஷன் அப்பாவுக்கு, பிள்ளை அம்மாவுக்கு என்பதே நெடுங்கால நிலைமை. பிள்ளை வேண்டும் என்று மாமியார்கள் ஏன் அவ்வளவு பிடிவாதம் பிடித்தார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்ரீராம்புரத்துக் கணக்கு

இந்த ஊர்க் கதைக்கு வருகிறேன். பெங்களூர் இந்த விஷயத்தில் முன்னோடி. 1930இலேயே மைசூர் சமஸ்தானம் அரசாங்கச் செலவில் கருத்தடை ஆலோசனை நிலையங்களைத் திறந்தது. உலகில் ஓர் அரசாங்கமே இப்படிச் செய்தது அதுவே முதல் தடவை என்பார்கள். யோசனை சொல்ல டாக்டர் இருந்தார். ஆனால் முதுமைக்குச் சோறு யார் போடுவார் என்ற கேள்விக்கு அந்த நிலையத்தில் மருந்து இல்லை. பல வருஷங்களுக்குக் குடும்பங்கள் பெரிதாகவே இருந்தன.

நாம் கூடியிருக்கும் ஸ்ரீராம்புரம் மில் சங்கோடு விடிந்த பேட்டை. பின்னி மில், மினர்வா மில், ராஜா மில் என்று சுற்றிலும் மில்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் அந்த மில்களை நம்பித்தான் இங்கே குடியேறின. நம்மவர்கள் சிலர் குமாஸ்தாக்களாகவும் கணக்கர்களாகவும் இருந்தார்கள். 1952இல் பிராவிடண்ட் ஃபண்ட் சட்டம் வந்த போது முதலில் சேர்த்த ஆறு தொழில்களில் ஜவுளியும் ஒன்று. ஆகவே இந்தப் பேட்டைக்குப் பி.எஃப். சீக்கிரமே வந்து விட்டது.

ஆனால் பி.எஃப். என்பது மொத்தத் தொகை. பென்ஷன் என்பது மாதத் தொகை. இந்த வித்தியாசத்தில்தான் விஷயமே இருக்கிறது. ஒரே வீட்டில் அண்ணன் தபால் ஆபீஸில், தம்பி மில்லில் என்று வைத்துக் கொள்ளுங்கள். ரிடயர் ஆகும் போது தம்பிக்குக் கையில் ஒரு பெரிய தொகை வரும். வந்த வேகத்தில் அது பெண் கல்யாணத்துக்கும், பையன் படிப்புக்கும், ஒரு சைட் வாங்கவும் போய் விடும். மூன்றாவது வருஷம் தம்பி பிள்ளையின் கையை எதிர்பார்ப்பார். அண்ணனுக்கு ஒன்றாம் தேதி பணம் வரும். பேரனுக்கு பிஸ்கட் வாங்கிக் கொடுப்பார். மொத்தத் தொகை பிள்ளையின் தேவையைக் குறைப்பதில்லை. மாதத் தொகை குறைக்கிறது. மில், ஃபாக்டரி ஊழியர்களுக்கு மாதப் பென்ஷன் என்பது 1995 நவம்பரில்தான் வந்தது. அதன் குறைந்தபட்சத் தொகை 2014இல் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. சம்பளம் எவ்வளவு இருந்தாலும் பென்ஷனுக்கு 15,000 ரூபாய்தான் என்று அதே வருஷம் வைத்த உச்சவரம்புப்படி, 35 வருஷம் உழைத்தவருக்கும் கணக்கில் வருவது மாதம் 7,500 ரூபாய்தான்.

பென்ஷன் இல்லாமலேயே குழந்தைகள் குறைந்தனவே என்று நீங்கள் கேட்பது நியாயம். ஜான் கால்ட்வெல், பி.எச். ரெட்டி, பாட் கால்ட்வெல் ஆகிய மூவரும் பெங்களூருக்கு மேற்கே உள்ள கிராமங்களில் தங்கி ஆராய்ந்தார்கள். 1980 முதல் 1983 வரை மழை பொய்த்த காலத்தில் எந்தக் குடும்பம் தாக்குப் பிடித்தது என்று பார்த்தார்கள். வறண்ட நிலத்தில் நிற்கும் பல பிள்ளைகளை விட, படித்துப் பட்டணத்தில் சம்பளம் வாங்கும் ஒரு பிள்ளை கைகொடுத்தான் என்பது கிராமத்தாருக்கே புரிந்திருந்தது. அப்படியானால் பிள்ளைகளைக் குறைத்து, ஒருவனைப் படிக்க வைக்க வேண்டும். பிள்ளைகளின் எண்ணிக்கை இருந்த இடத்தில் பிள்ளையின் சம்பளம் வந்து உட்கார்ந்தது. நம்மவர்கள் இந்தப் பாடத்தை இன்னும் முன்னாலேயே படித்து விட்டோம்.

கூடவே குழந்தைகள் சாவதும் குறைந்தது. 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி ஆயிரம் பிறப்புக்கு ஒரு வயதுக்குள் இறந்தவை கர்நாடகத்தில் 19, தமிழ்நாட்டில் 13. பெண்கள் படித்தார்கள், கல்யாண வயது உயர்ந்தது. இவையெல்லாம் பெரிய காரணங்கள். இவற்றோடு பென்ஷனும் ஒரு காரணம் என்றுதான் நான் சொல்கிறேன். பென்ஷனே முழுக் காரணம் என்று சொல்லவில்லை.

பென்ஷன் வந்தால் குழந்தை குறையுமா?

இதைச் சோதித்துப் பார்ப்பது கஷ்டம். பென்ஷன் வருகிற போதே பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வந்து விடுகின்றன. எது காரணம் என்று பிரிப்பது எப்படி? பென்ஷன் ஒரு சாராருக்கு மட்டும் திடீரென்று வந்த இடங்களைத் தேடிப் பிடித்துப் பொருளாதார நிபுணர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஆப்பிரிக்காவில் நமீபியா 1990இல் சுதந்திரம் பெற்றது. அதற்கு முன் முதியோர் பென்ஷனில் வெள்ளையருக்கு ஒரு தொகை, கறுப்பருக்கு ஒரு தொகை. 1990களில் அது எல்லோருக்கும் சமமாக்கப்பட்டது. பாலின் ரோஸி, மதில்ட் கோதார் என்ற இருவர் இதை ஆராய்ந்து 2022இல் வெளியிட்டார்கள். பென்ஷன் புதிதாகக் கிடைத்த மக்களிடம் பிறப்பு குறைந்தது தெரிய வந்தது. பிரேசிலில் 1991 வரை கிராமத்துத் தொழிலாளர் குடும்பத்தில் தலைவருக்கு மட்டும் 65 வயதில் குறைந்தபட்சச் சம்பளத்தில் பாதி கிடைத்தது. 1991இல் ஆணுக்கு 60 வயது, பெண்ணுக்கு 55 வயது, முழுக் குறைந்தபட்சச் சம்பளம் என்று மாற்றினார்கள். அங்கும் குழந்தைகள் குறைந்தன. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1889இல் கொண்டு வந்த தொழிலாளர் பென்ஷனை ஆராய்ந்தவர்களும் இதே முடிவுக்கு வந்தார்கள். இத்தாலியில் 1990களில் இளைய ஊழியர்களின் பென்ஷனைக் குறைத்தார்கள். அந்தக் குறைப்புக்கு ஆளானவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் குழந்தை பெற்றுக் கொண்டதாக ஓர் ஆராய்ச்சி சொல்கிறது.

பாட்டி போட்ட கணக்குத்தான் இது. சோற்றுக்கு வேறு வழி உண்டு என்று தெரிந்தால், சோற்றுக்காகப் பெறும் பிள்ளை குறைகிறான்.

நம் நாட்டு சர்க்காரும் பிள்ளையையும் பென்ஷனையும் ஒரே தராசில்தான் வைத்தது. 1995 ஆகஸ்ட் 15இல் தேசிய முதியோர் பென்ஷன் மாதம் 75 ரூபாயாகத் தொடங்கிய போது, சொந்த வருமானமோ குடும்பத்தாரின் உதவியோ இல்லாத ஆதரவற்றவருக்கே அது என்று விதி. அதாவது காப்பாற்றும் பிள்ளை இருந்தால் பென்ஷன் இல்லை, இல்லாவிட்டால் உண்டு. பின்னால் 2007இல் இது வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு என்று மாறியது. அதே 2007இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வந்தது. காப்பாற்றாத பிள்ளையிடமும் பெண்ணிடமும் மாதம் 10,000 ரூபாய் வரை தீர்ப்பாயம் மூலம் கேட்டுப் பெறலாம் என்றது அந்தச் சட்டம். குழந்தை இல்லாதவர்கள், தங்கள் சொத்தை அடையப் போகிற உறவினரிடம் கேட்கலாம். இந்தக் கடைசி ஷரத்து நம்மில் பலருக்குத் தெரியாது. குழந்தை இல்லாத தம்பதிகள் இதை அவசியம் தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டும்.

அப்படியானால் பென்ஷனை நிறுத்தி விடலாமா?

சிலர் உடனே அந்த முடிவுக்குத் தாவுகிறார்கள். பென்ஷனை எடுத்து விட்டால் பயத்தில் குழந்தை பெற்றுக் கொள்வார்கள் என்கிறார்கள். அது நடக்காது. தென் கொரியாவில் தேசியப் பென்ஷன் 1988இல்தான் தொடங்கியது. பணக்கார நாடுகளில் முதியோர் வறுமை மிக அதிகமாக உள்ள நாடுகளில் அதுவும் ஒன்று. அங்கே 2023இல் ஒரு பெண்ணுக்கு 0.72 குழந்தை. சிங்கப்பூரில் அவரவர் சம்பளத்திலிருந்து அவரவர் கணக்கில் சேர்க்கும் முறை 1955 முதல் இருக்கிறது; பெற்றோரைக் காப்பாற்றச் சட்டமும் 1995 முதல் இருக்கிறது. அங்கே 2023இல் 0.97. முதுமையில் கஷ்டப்படுவோம் என்று தெரிந்தும் அவர்கள் குழந்தை பெறவில்லை. பிள்ளையை நம்பி முதுமையைக் கழிக்க முடியாது என்று ஆன பிறகு, பயம் வந்தால் மனிதன் பணம்தான் சேர்ப்பான். தொட்டில் வாங்க மாட்டான்.

நம் வீடுகளிலும் இதுவே நடக்கிறது. மத்திய அரசில் 2004 ஜனவரி 1க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் இல்லை என்றானது. தமிழ்நாட்டில் அந்தத் தேதி 2003 ஏப்ரல் 1. கர்நாடகத்தில் 2006 ஏப்ரல் 1. மத்திய அரசு ஊழியருக்கு 2025 ஏப்ரல் 1 முதல் ஒருங்கிணைந்த பென்ஷன் என்று ஓர் உத்தரவாதம் வந்தது. 25 வருஷ சர்வீஸுக்குக் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி. அது சர்க்கார் ஊழியருக்கு. நம் குழந்தைகளில் பெரும்பாலோர் தனியார் கம்பெனியில் இருக்கிறார்கள். 2014 செப்டம்பருக்குப் பிறகு முதல் தடவையாக வேலையில் சேர்ந்து, அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாய்க்கு மேல் வாங்கியவர்கள் அந்த 1995ஆம் வருஷத்துப் பென்ஷன் திட்டத்திலேயே சேர முடியவில்லை. லட்சக்கணக்கில் சம்பளம் வாங்கும் பையனுக்கு, தபால் ஆபீஸ் தாத்தாவுக்கு இருந்த ஒன்றாம் தேதி நிச்சயம் கிடையாது. பென்ஷன் போனதே என்று அவன் நாலு குழந்தை பெறவில்லை. ஒன்றோடு நிறுத்தி, மிச்சத்தை மியூச்சுவல் ஃபண்டில் போடுகிறான். 2024 செப்டம்பரில் சர்க்கார், மைனர் குழந்தையின் பெயரிலேயே பென்ஷன் கணக்குத் தொடங்க 'வாத்ஸல்யா' என்று ஒரு திட்டம் கொண்டு வந்தது. பிள்ளை அப்பாவுக்குப் பென்ஷனாக இருந்தது போய், அப்பா பிள்ளைக்குப் பென்ஷன் கட்டும் காலம் வந்து விட்டது.

யார் வளர்த்த பிள்ளை, யாருக்குப் பென்ஷன்?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நாம் வாங்கும் பென்ஷன் எங்கிருந்து வருகிறது? "நான் உழைத்துச் சம்பாதித்தது" என்போம். வாஸ்தவம். நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982 டிசம்பர் 17இல், பென்ஷன் கருணைத் தொகை அல்ல, உரிமை என்று சொன்னது. அந்தத் தேதியை நாம் பென்ஷனர் தினமாகக் கொண்டாடுகிறோம். உரிமை நம்முடையது. ஆனால் பணம் இன்று வேலை பார்ப்பவர்கள் கட்டும் வரியிலிருந்து வருகிறது. ஃபண்டில் சேர்த்து வைத்தாலும் நிலைமை அதிகம் மாறாது. கிழவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் பங்குகளை விற்க வந்தால், வாங்க இளைஞர்கள் வேண்டும். ரூபாயைச் சேர்த்து வைக்கலாம். நர்ஸையும் டிரைவரையும் சமையல்காரரையும் சேர்த்து வைக்க முடியாது. எந்த ஏற்பாடானாலும், அந்த வருஷத்துக் கிழவருக்கு அந்த வருஷத்து இளைஞர்தான் சோறு வடிக்க வேண்டும்.

2011 சென்சஸில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் கர்நாடகத்தில் 9.5 சதவீதம், தமிழ்நாட்டில் 10.4, கேரளத்தில் 12.6. 2031இல் தமிழ்நாட்டில் இது 18 சதவீதத்தைத் தாண்டும், கேரளத்தில் 21ஐ நெருங்கும் என்று மத்திய அரசின் மதிப்பீடு.

பழைய காலத்தில் பிள்ளையை வளர்த்தவளுக்கே பிள்ளையின் பலன் கிடைத்தது. பென்ஷன் வந்த பிறகு, பிள்ளையை வளர்க்கிற செலவு ஒரு வீட்டுக்கு. அவன் கட்டும் வரியின் பலன் ஊருக்கெல்லாம். இதில் மிகவும் நஷ்டப்படுகிறவள் தாய்தான். ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு பெண் தனியார் கம்பெனியில் எட்டு வருஷம் வேலை பார்க்கிறாள். இரண்டாவது குழந்தை பிறந்ததும், பார்த்துக் கொள்ள ஆளில்லாமல் வேலையை விடுகிறாள். பி.எஃப். பென்ஷனுக்குக் குறைந்தது பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். எட்டு வருஷம் என்பதால் அவளுக்கு மாதப் பென்ஷன் கிடையாது. கட்டியதற்கு ஒரு சிறிய தொகையைத் திருப்பி வாங்கிக் கொள்ளலாம். அவள் வளர்க்கும் இரண்டு குழந்தைகள் பெரியவர்களாகி முப்பது நாற்பது வருஷம் வரி கட்டுவார்கள். அந்த வரியில் யார் யாருக்கோ பென்ஷன் போகும், அவளுக்கு வராது. இப்படிப்பட்ட பெண்ணிடம்தான் நாம் பந்தியில் "அடுத்தது எப்போ?" என்று கேட்கிறோம்.

ஜெர்மனி இந்த அநியாயத்தைக் கொஞ்சம் சரி செய்திருக்கிறது. குழந்தையை வளர்த்த காலத்தையும் பென்ஷன் சர்வீஸாகக் கணக்கில் சேர்க்கும் முறை 1986இல் அங்கே வந்தது. 1992 முதல் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்று வருஷம் சேர்க்கிறார்கள். வேலைக்குப் போகாவிட்டாலும் அந்த வருஷங்களுக்குப் பென்ஷன் உண்டு. அங்கே முதியோர் பராமரிப்பு இன்ஷூரன்ஸில் குழந்தை இல்லாதவர்கள் 2005 முதல் சற்று அதிகமாகக் கட்டுகிறார்கள். குழந்தை இல்லாமை பலருக்கு விருப்பமில்லாமல் நேர்ந்தது என்பதால் இந்த இரண்டாவது ஏற்பாடு எனக்கு உவப்பாக இல்லை. முதலாவதை நம் நாடும் செய்யலாம். இங்கே மத்திய அரசுப் பெண் ஊழியருக்கு 2008 முதல் 730 நாள் குழந்தை வளர்ப்பு லீவு உண்டு. அது பென்ஷன் சர்வீஸிலும் சேரும். அதே ஊரில், அதே தெருவில், தனியார் கம்பெனிப் பெண்ணுக்கு அது இல்லை. 2017இல் சட்டத்தைத் திருத்தி, முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் கொடுத்தார்கள். அதற்கு மேல் அவள் பாடு.

நாம் செய்யக் கூடியது

சட்டம் மாறும் போது மாறட்டும். கிளை அளவில், வீட்டு அளவில் செய்யக் கூடிய மூன்று காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, நம்மிலேயே பென்ஷன் இல்லாதவர்கள். நம் சமூகம் என்றால் எல்லோரும் ஆபீஸர், இன்ஜினியர் என்று ஒரு நினைப்பு வெளியே இருக்கிறது, உள்ளேயும் இருக்கிறது. நம் கல்யாணத்தில் சமைக்கிறவர், கோயில் அர்ச்சகர், சிராத்தம் செய்து வைக்கிற வாத்தியார், அவரோடு வருகிற பையன் ஆகியோரில் பலருக்கு பி.எஃப்பும் இல்லை, பென்ஷனும் இல்லை. கை நடுங்க ஆரம்பித்தால் கரண்டி பிடிக்க முடியாது. அவர்களுக்கு இன்னமும் பிள்ளைதான் பென்ஷன். இவர்களில் நாற்பது வயதுக்குள் இருப்பவர்கள் அடல் பென்ஷன் யோஜனாவில் சேரலாம். 2015இல் தொடங்கிய திட்டம். 18 வயதில் சேர்ந்து மாதம் 210 ரூபாய் கட்டினால் 60 வயதில் மாதம் 5,000 ரூபாய் பென்ஷன். 30 வயதில் சேர்ந்தால் மாதம் 577 ரூபாய். 40ஐ நெருங்கிச் சேர்ந்தால் 1,454 ரூபாய். அவர் காலமான பிறகு மனைவிக்கு அதே தொகை. இருவருக்கும் பிறகு சேர்ந்த தொகை வாரிசுக்கு. 2022 அக்டோபர் முதல், வருமான வரி கட்டுகிறவர்கள் இதில் புதிதாகச் சேர முடியாது. நான் சொல்லும் பல பேருக்கு அந்தத் தடை வராது. ஒவ்வொரு கிளையும் இப்படிப்பட்ட இளைஞர்களின் பட்டியல் எடுத்து, பேங்குக்கு அழைத்துப் போய்ச் சேர்த்து விட வேண்டும். முதல் வருஷச் சந்தாவைக் கிளையே கட்டலாம். பென்ஷன் வாங்குகிற நாம் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தால் அதற்குப் போதும். 65 தாண்டிய ஏழைகளுக்குக் கர்நாடக அரசின் சந்தியா சுரக்ஷா 2007 முதல் இருக்கிறது. 2021இல் அதை 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள். விண்ணப்பம் எழுதிக் கொடுக்க நம்மில் ரிடயர் ஆன குமாஸ்தாக்களுக்கா பஞ்சம்?

இரண்டாவது, வீட்டுக்குள். குழந்தைக்காக வேலையை விட்ட பெண்ணின் பெயரில் ஒரு தேசிய பென்ஷன் கணக்கு இருக்க வேண்டும். 2009 மே முதல் அது எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அவள் வீட்டில் இருக்கும் மாதங்களில் அவள் கணக்கில் கணவன் பணம் கட்ட வேண்டும். இதை உதவி என்று நினைக்கக் கூடாது. அது அவளுடைய சம்பளப் பாக்கி. கணவன் மறந்தால் மாமனார் நினைவூட்டட்டும். இன்னொரு பேரக் குழந்தை வேண்டும் என்று ஆசைப்படும் மாமனாரும் மாமியாரும், வாயால் கேட்பதற்குப் பதிலாக அந்தக் கணக்கில் மாதம் ஒரு தொகை போட்டு, பகலில் இருக்கிற குழந்தையையும் பார்த்துக் கொண்டால், அந்தப் பெண் தானாகவே யோசிப்பாள். யோசித்து வேண்டாம் என்றால் அதுவும் அவள் இஷ்டம்.

மூன்றாவது, நம் பேச்சு. நமக்குக் குழந்தை குறைந்ததற்குப் பென்ஷனும் ஒரு காரணம் என்று பார்த்தோம். இங்கே உட்கார்ந்திருக்கும் நம்மில் பலர் இரண்டோடு நிறுத்தியவர்கள். மத்திய அரசு 1979 முதல், சிறு குடும்பத்தோடு ஆபரேஷன் செய்து கொண்ட ஊழியருக்குத் தனியாக ஒரு இன்க்ரிமெண்ட்டே கொடுத்தது. 2017 ஜூலையில்தான் அதை நிறுத்தினார்கள். அதை வாங்கியவர்கள் இந்தச் சபையிலும் இருப்பார்கள். குறைத்ததற்கு இன்க்ரிமெண்ட் வாங்கி, ஒன்றாம் தேதி பென்ஷனும் வாங்கி, பென்ஷனே இல்லாத இன்றைய பெண்ணிடம் நாட்டுக்காக இன்னும் ஒன்று பெற்றுக் கொடு என்று கேட்பது தர்மம் ஆகுமா என்று யோசியுங்கள்.

முதுமையைப் பற்றிய பயத்தால் பிறந்த குழந்தைகளின் காலம் முடிந்து விட்டது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு குழந்தை நம் கிழப்பருவத்துக்கு ஜாமீனாகப் பிறக்க வேண்டிய அவசியம் இல்லை என்பது நல்ல செய்தி. இனி பிறக்கிற குழந்தைகள் ஆசையால் பிறப்பார்கள். ஆசை இருந்தும் முடியாமல் நிறுத்திக் கொள்கிற வீடுகள் நம்மிடையே இருக்கின்றன. அந்த வீடுகளுக்கு நம் உபதேசம் வேண்டாம். நம் நேரமும் கொஞ்சம் பணமும் போதும்.

அடல் யோஜனா விண்ணப்பங்களைச் செயலாளரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். தெரிந்த சமையல் மாமா, வாத்தியார் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இருந்தால், போகும் போது ஆளுக்கு ஒன்று கையில் எடுத்துக் கொண்டு போகும்படி கேட்டுக் கொள்கிறேன்.